விபூதி பட்ட மாத்திரை

எம் பேரு சின்னப்பன். வயசு இருவத்திமூணு. மஸ்கட்ல ரூவின்ற எடத்துல கீறேன், பில்டிங் கம்பெனி கேம்புல. சாரம் கட்டுற வேல. சொந்த ஊரு ஆவடி பக்கத்துல பருத்திப்பட்டு, ஏரிக்கர ஓரம். இத்த இன்னாத்துக்கு சொல்றேன்னா, இந்த கேசட்டு வேற யார் கையிலயாவது மாட்டிகிச்சின்னா, தயவு பண்ணி எங்க மாமா பையன் சம்பத்து கையில சேத்துடுங்க. பருத்திப்பட்டுல எறங்கி லாரி சம்பத்துன்னு கேட்டா யாரும் ஊட்ட காட்டுவாங்க.

மச்சான், நான்தான். இது பி பக்கம். ஏ பக்கத்துல எல்லாருக்கும் பேசிகீறேன், அத்த சத்தமா போடு, எங்கம்மாவும் வந்து கேக்கட்டும். நல்லா சாப்டுறேன், நல்லா தூங்குறேன், வெயிலு ஒண்ணும் பண்ணலன்னு பொய்யெல்லாம் அந்த பக்கம் கீது. இந்த பக்கம் ஒனக்கு மட்டும். இப்ப எங்கம்மா பக்கத்துல குந்திகினு கீதுன்னா ஆஃப் பண்ணிடு.

பண்ணிட்டியா? பண்ணியிருந்தா இத்த நீ கேக்க மாட்ட. கேக்குறன்னா தனியா கீற. செரி.

இன்னிக்கு வெள்ளிக்கெழம, லீவு. ரூம் ஆளுங்க எல்லாம் கடைக்கு பூட்டாங்க. இந்த ஏசி மிசினு லொடலொடன்னு அடிச்சிக்குது, அதான் வாய்கிட்ட வெச்சி பேசுறேன். 

முத்தாபுதுப்பேட்ட அய்யாசாமி அண்ணாத்தே, எங்க கேம்புலதான் வேல, லீவு முடிஞ்சி வந்துட்டாரு. எங்கூட்டு ஊறுகா வாங்கியாரேன்னு சொல்லிட்டு போனவரு. வந்ததுலேர்ந்து என்ன பாக்க மாட்டேன்றாரு. நான் போயி, 'இன்னா அண்ணாத்தே, ஊறுகாவ வழியிலயே முழுங்கிட்டியா'ன்னு கேட்டேன். சிரிக்கல. அப்புறம் சொன்னாரு.

"டேய் சின்னப்பா, ஒங்கம்மா கடப்பாறைய வெச்சிகினு ஊட்டு தரைய பேத்துகினு கீதுடா. அடுப்பு மூலையில பெரிய பள்ளம். பைப்பு போடுறியாம்மான்னு கேட்டேன். இல்ல ராசா, இன்னும் ஏதோ ஒண்ணு உள்ள கீது, அத்த எடுத்துட்டாதான் எம் பொண்ணுக்கு விடுதலன்னுச்சி."

நீ லாரில சுத்திகினே இருக்க. வந்தா தூங்குற, எழுந்தா கெளம்புற. நம்ம ஊட்டு பெருசுங்க ஆளுக்கு ஒண்ணா சொல்லியிருப்பாங்க. எனக்கும் துண்டு துண்டாதான் தெரியும். ஆனா நான் கடல் தாண்டி குந்திகினு, அல்லாத்தையும் ஒண்ணா சேத்து பாத்துட்டேன் மச்சான். பாத்துட்டு என்னால வெச்சிக்க முடியல.

எந் தங்கச்சி அமலு மொத மொத உயுந்தது ஏரிக்கரையில. அப்ப நான் ஊர்லதான் இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் புடிக்க போனவ, கரை மேல அப்டியே சாஞ்சா. வாயில நொர, கை காலு இழுத்துகிச்சி. நான்தான் தூக்கினு போனேன் ஆஸ்பத்திரிக்கு. வலிப்புன்னாரு டாக்டரு. வெள்ள மாத்திர குடுத்தாரு, சின்னது, சட்ட பட்டன் மாதிரி. அத்த சாப்ட்டதுக்கப்புறம் அவ உயவே இல்ல. வேலைக்கு போனா, வந்தா, என்ன வம்புக்கு இழுத்தா, கோயில்ல பாட்டு பாடினா. நான் விசா வந்து கெளம்புறப்ப கூட ஏர்போர்ட்ல, "அண்ணா, ஒட்டகம் மேல ஏறி உயுந்துடாத, அதுக்கு எங்கிட்ட மாத்திர இல்ல"ன்னா. அவ்ளோ நல்லா இருந்தா.

அப்புறம்தான் கல்யாண பேச்சு வந்துச்சி. வேம்புலி மாமா... ஒங்கப்பாவ நான் கொற சொல்லல மச்சான், எங்கம்மாவுக்கு கூடப்பொறந்தவருன்னு அவரு ஒருத்தருதான், அவருக்கு அமலுன்னா உசுரு. அவரு எங்கம்மாகிட்ட சொன்னாராம், "அக்கா, வலிப்புன்னு வெளிய சொல்லாத. வலிப்புன்னா ஆயுசுக்கும் கூடவே வரும், எவன் கட்டுவான்? ஏரிக்கரையில காத்து அடிச்சிடுச்சின்னு சொல்லு. காத்துன்னா ஓட்டிட்டா போச்சி. ஓட்டியாச்சின்னு சொன்னா மாப்ள ஊட்ல ஒத்துக்குவாங்க."

பாரு மச்சான். நம்ம ஜனத்துக்கு நோயவிட பேய் தேவல. பேயின்னா போவும். நோயின்னா போவாது.

நீ கூட கேட்டியாமே. "வலிப்பு இருந்தா இருந்துட்டு போவுது அத்தே, நான் கட்டிக்கிறேன், ஞானஸ்நானம் எடுக்கணும்னாலும் எடுக்கிறேன்"னு. எங்கம்மா சிரிச்சிகினே பேச்ச மாத்திடுச்சின்னு அமலு சொன்னா. எப்டி சொன்னான்னு அப்புறம் சொல்றேன்.

செரி. மாமா கூட்டினு போன பூசாரி, அதான் முத்தாபுதுப்பேட்ட தாண்டி, வேப்பமரத்தடியில குந்தியிருப்பானே, அவன் கயிறு கட்டினான். செம்புத் தகடு ஒண்ணு குடுத்து வாசல் நெலைக்கு கீழ வெக்க சொன்னான். எலுமிச்சம்பழம், விபூதி பொட்டலம். அதோட விடல. பொண்ணு இன்னா சாப்டுதுன்னு கேட்டு, மாத்திர பொட்டலத்த வாங்கி, சாமி காலடியில வெச்சி, அது மேலயும் விபூதி அடிச்சி, "இத்த நிறுத்தாத, இனிமே இதுவும் வேல செய்யும்"னு திருப்பி குடுத்தான். பூசாரியே நிறுத்தாதன்னுதான் சொன்னான் மச்சான். அத்த மனசுல வெச்சிக்க.

எங்கம்மாவ ஒனக்கு தெரியும். எல்லம்மான்னு பொறந்து, எங்கப்பாவ கட்டிக்கினு ஆரோக்கியமேரின்னு தண்ணி ஊத்திக்கினது. பொறப்பிலயே வேதக்காரங்களா இருக்கிறவங்களவிட எங்கம்மாவுக்கு பயம் ஜாஸ்தி. ஒரு பூசை விடாது. பூசாரிகிட்ட போயிட்டு வந்ததுலேர்ந்து அதுக்கு தூக்கம் இல்ல. பூசையில நன்மை அப்பம் வாங்க போவல, கோயில்ல கடைசி வரிசையில குந்திகினு இருந்துச்சாம்.

ஈஸ்டருக்கு முந்தின அந்த தபசு காலத்துல ஒரு ஞாயித்துக்கெழம, பூசையில மணி அடிக்கிறப்போ, அமலு உயுந்துட்டா. ரெண்டு நாளு காய்ச்சலாம், வாந்தி, மாத்திர உள்ள தங்கல. அதனாலதான் வந்திருக்கும். ஆனா கோயில்ல, எயுந்தேத்தத்துல, ஃபாதரு அப்பத்த தூக்கி காட்டறப்ப உயுந்தா ஜனம் இன்னா சொல்லும்? அப்பத்த பாத்து பசாசு பயந்துட்டுன்னாங்க. பொம்பளைங்க தலைய விரிச்சி போட்டு பாட ஆரம்பிச்சிட்டாங்க. "ஃபாதர், ஓட்டுங்க ஃபாதர்"னு ஒரே கூச்சலு.

நம்ம ஃபாதர் நல்லவரு மச்சான். அவரு யாரையும் கிட்ட விடல. பூசைய முடிச்சிட்டு வந்து, அவ தலையில கைய வெச்சி செபம் பண்ணி, தீர்த்தம் தெளிச்சி, எங்கம்மாவ தனியா கூப்ட்டு சொல்லியிருக்காரு. "இது நோயும்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டு போ. பேய் ஓட்டுற செபம் எல்லாம் நானா நெனச்ச மாதிரி பண்ணக் கூடாது. ஆயர் உத்தரவு குடுக்கணும். அதுக்கும் முன்னாடி டாக்டர் பாத்து, இது ஒடம்பு நோயும் இல்ல, மனசு நோயும் இல்லன்னு சொல்லணும். ஆயிரத்துல ஒண்ணு கூட பேயா இருக்காது."

அதோட நின்னிருந்தா போதும். எங்கம்மாவுக்கு மனசு தாங்கல. பூசாரிகிட்ட போனத சொல்லி அழுதுடுச்சி. ஃபாதருக்கு கோவம் வந்துடுச்சி. வரத்தான செய்யும்? "வேற சாமிகிட்ட போவாதன்ற மொத கற்பனையையே மீறிட்டு எங்கிட்ட வந்து பேய் ஓட்ட சொல்றியே. அந்த ஆள் மந்திரிச்சி குடுத்தது ஒண்ணு கூட ஊட்ல இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எடுத்து தூக்கி எறிஞ்சிட்டு, பாவசங்கீர்த்தனம் பண்ணு."

ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னாரு. எங்கம்மா ஒண்ணு கூட வெக்கல.

இது எனக்கு எப்டி தெரியும்னா, எங்கம்மா கேசட்டுல சொல்லிச்சி. அமலு செத்து, கம்பெனிக்கு போன் வந்து, லீவு கேட்டு, அவன் இல்லன்னு சொல்லி, நான் இங்க பைத்தியம் மாதிரி சுத்திகினு இருந்தப்ப ஒரு கேசட்டு வந்துச்சே, நீதான் ரெக்கார்ட் பண்ணி அனுப்ச்ச. நீ பட்டன அமுக்கி குடுத்துட்டு வெளிய பூட்ட போல, பின்னாடி ஒன் லாரி ஸ்டார்ட் ஆவுற சத்தம் கேக்குது. அதுல எங்கம்மா பேசுது:

"நைனா, ஃபாதரு சொன்ன மாதிரியே பண்ணேன்டா. தகட்ட புடுங்கினேன். கயிற அறுத்தேன். பழம், விபூதி எல்லாம் முந்தானையில கட்டினேன். அந்த மாத்திர மேலயும் அவன் கை பட்டுச்சே, அத்தயும்தான் சேத்து கட்டினேன். அமலு கேட்டா, 'அம்மா, மாத்திர?'ன்னா. சாத்தான் தொட்டது நமக்கு வேணாம்மா, டாக்டரு வேற புதுசா குடுப்பாருன்னேன். திங்கக்கெழம போலாம்னா மாமா ஊர்ல இல்ல. செரி, குருத்தோலை ஞாயிறு முடியட்டும்னு இருந்தேன். எல்லாத்தையும் ஏரியில எறிஞ்சேன்டா நைனா. ஒண்ணு விடல. அப்டியும் அது என் கொழந்தைய விடலியே. ஏன்டா விடல? நான் எத்தயாவது விட்டுட்டனா?"

இதான் மச்சான். இதான்.

எனக்கு அப்பவும் புரியல. ஒரு நாளு கையில கம்பி கீறிகிச்சி, கேம்பு கிளினிக்குக்கு போனேன். ஒரு மலையாளத்து சிஸ்டரு கட்டு போட்டாங்க. சொம்மா கேட்டேன், வலிப்பு மாத்திரைய சாப்ட்டுகினு இருக்கிறவங்க டக்குனு நிறுத்தினா இன்னா ஆவும்னு. அவங்க கட்டுறத நிறுத்திட்டு என்ன பாத்தாங்க. "ஐயோ, அது பாடில்லா. வலிப்பு ஒண்ணு மேல ஒண்ணா வரும், நிக்காது. ஆளு போயிடும். ஒனக்கா மோனே?"ன்னாங்க. இல்ல சிஸ்டர், யாருக்கோன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னிக்கு சாரத்துல ஒரு நட்ட முடுக்காம விட்டுட்டேன். மேஸ்திரி திட்டினான்.

ஒண்ணு மேல ஒண்ணா. அப்டித்தானே வந்துச்சி? பல்லு வெளக்க போனவ உயுந்தா, எழுந்தா, திரும்ப உயுந்தா. கண்ணு தொறக்கறதுக்குள்ள அடுத்தது. பக்கத்தூட்டு லோகநாயகி அக்காவும் இன்னும் நாலு பேரும் வந்து, "பசாசு போவ மாட்டேன்னு சண்ட போடுது, விடாத எல்லம்மா"ன்னு கைய கால புடிச்சிகினாங்க. எங்கம்மா செபமாலைய அவ கழுத்துல போட்டு சொல்லிகினே இருந்துச்சாம். யாரோ ஆட்டோ இட்டாந்து, கரையான்சாவடி தாண்டறதுக்குள்ள... போதும்.

அவங்களயும் கொற சொல்லல. கட்டிப் புடிச்சிகினுதான இருந்தாங்க. ஆனா சாவு ஊட்ல ஒரு பேச்சு பேசினாங்க பாரு: "எதையோ ஒண்ண விட்டுட்ட எல்லம்மா. வேற எவனோ எடுத்து ஒங்கூட்டுக்குள்ளயே பொதச்சி வெச்சிகீறான். அதான் அது பொண்ணையும் இட்டுகினு பூடுச்சி." எங்கம்மா அத்த நம்பிடுச்சி. அமலு பசாசோட பூட்டான்னு நம்பிடுச்சி. அவ துணி, ரிப்பன், எஸ்டேட்டுக்கு எடுத்துகினு போற சாப்பாட்டு டப்பா, போட்டோ, எல்லாத்தையும் கொளுத்திடுச்சி. இப்ப தரைய தோண்டுது.

இங்க ரூவி கோயில்ல மாசத்துக்கு ஒரு தரம் தமிழ் பூசை நடக்கும். போன தரம் வந்த ஃபாதர்கிட்ட பூசை முடிஞ்சி வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டேன். "ஃபாதர், எங்க தங்கச்சிய நெஜமாவே பேய் புடிச்சிருந்தா, அவ மோட்சத்துக்கு போவ மாட்டாளா?"ன்னேன்.

அவரு கையில இருந்த டீய கீழ வெச்சிட்டாரு. "தம்பி, நெஜமாவே புடிச்சிருந்தாலும் சரி. அது ஒடம்ப ஆட்டலாம். ஆத்துமாவ எடுக்க முடியாது. அவளா மனசோட குடுத்தாத்தான் அது போவும். பேய் புடிக்கிறது பாவம் இல்ல தம்பி, அது ஒரு வேதன. வேதன பட்டவள கடவுள் கைய விடுவாரா? அவளுக்கு அடக்க பூசை வெச்சாங்களா?"

வெச்சாங்க ஃபாதர், எங்க ஃபாதரே வந்து, பெட்டி மேல தீர்த்தம் தெளிச்சி, கோயில் கல்லறையிலதான் பொதச்சாங்கன்னேன்.

"அப்புறம் இன்னா?"ன்னாரு.

மாத்திர கதையும் சொன்னேன். அம்மாகிட்ட சொல்லவான்னு கேட்டேன். அவரு, "பொய் சொல்லாத. ஆனா கேக்காதத எல்லாம் நீயா போயி சொல்லணும்னு இல்ல. அவங்களா கேக்குற அன்னிக்கி பக்கத்துல நீ இரு"ன்னாரு.

நான் எங்க பக்கத்துல இருக்கேன் மச்சான்? காண்ட்ராக்ட் முடியற வரைக்கும் பாஸ்போர்ட் கம்பெனிக்காரங்கிட்ட.

இப்ப பாரு, எனக்கு எந்த பக்கமும் வழி இல்ல. பேயே இல்லம்மா, தோண்டாதன்னு சொன்னா, அப்ப எம் பொண்ணு எதுல செத்தான்னு கேக்கும். கேட்டா மாத்திரதான். மாத்திரன்னா, அத்த எறிஞ்சது எங்கம்மா கையிதான். சொல்லாம விட்டா, எம் பொண்ணு நரகத்துல கீறான்னு ஆயுசு பூரா தோண்டும். எத்தினி நாளு படுத்து யோசன பண்ணாலும் இதுதான் வருது.

அதனால ரெண்டு வேல ஒங்கிட்ட குடுக்கிறேன். மொத வேல, நம்ம ஃபாதர பாரு. அவருக்கு மாத்திரைய எறிஞ்சது தெரியாது. அவர்கிட்ட சொல்லு. அவரு மனசு ஒடஞ்சிடும், தெரியும். ஆனாலும் சொல்லு. நாளைக்கி இன்னொரு ஊட்ல போயி, மந்திரிச்சது எல்லாத்தையும் எறின்னு சொல்லுவாரு இல்ல? சொல்லட்டும். மாத்திர மட்டும் வேணாம்னு சேத்து சொல்லட்டும். அப்புறம் அவரையே எங்கூட்டுக்கு இட்டாந்து, ஒம் பொண்ணு ஆண்டவர்கிட்ட கீறான்னு எங்கம்மாகிட்ட அவரு வாயால சொல்ல சொல்லு. கல்லறத் திருநாளு வருது. அன்னிக்கு பூசையில அமலோற்பவம்னு அவ முழு பேர சொல்லி வேண்டிக்க சொல்லு. ஃபாதரு பீடத்துல நின்னு சொன்னாத்தான் எங்கம்மா நம்பும். நீயோ நானோ சொன்னா நம்பாது.

ரெண்டாவது வேலைக்கு, இந்த பார்சல்ல இன்னொரு கேசட்டு கீது பாத்தியா? மேல ஒண்ணும் எழுதல. அதுல அமலு கீறா.

கோயில்ல உயுறதுக்கு கொஞ்ச நாளு முன்ன அவளே பேசி எனக்கு அனுப்ச்சது. ஒங்கூட்லதான் குந்திகினு பேசிகீறா, நீ அப்ப விஜயவாடா பூட்டியாம். செத்ததுக்கப்புறம், அதும் கிளினிக்கு சிஸ்டரு சொன்ன பின்னாடி, நான் ஒரே ஒரு தரம்தான் கேட்டேன். பூசாரிய பத்தி சொல்றா. அவன் முடிய புடிச்சிகினு, "ஏய், யாருடி நீ, எந்த ஊரு, எங்கேர்ந்து வந்த?"ன்னு மெரட்டினானாம். இவ, "ஊரு பருத்திப்பட்டு, வந்தது ஏழாம் நம்பர் தெருவுலேர்ந்து, அம்பத்தூர் எஸ்டேட்ல வேல. சீக்கிரம் ஓட்டு சாமி, லேட்டா போனா அர நாளு ஆப்சென்ட் போட்டுடுவான்"னாளாம். பூசாரியே சிரிச்சிட்டானாம்.

அப்புறம் ஒன்ன பத்தி சொல்றா. நீ கட்டிக்கிறேன்னு கேட்டத. "சம்பத்து மாமாவுக்கு தண்ணி ஊத்தினா இன்னா பேரு வெப்பாங்கண்ணா? லாரிக்கு மட்டும் ஒரு பேரு வெக்கட்டும், அதுதான் அவருக்கு பொண்டாட்டி"ன்றா. சொல்லிட்டு ஒன் லாரி ஹாரன் மாதிரியே வாயால ஊதுறா. ஊதிட்டு சிரிக்கிறா. நெறைய நேரம் சிரிக்கிறா மச்சான். மூச்சு வாங்குது அவளுக்கு.

அதுக்கப்புறம் கொஞ்சூண்டு கீது, கேசட்டு வந்த அன்னிக்கி சிரிப்போடயே முடிஞ்சிச்சின்னு ஆஃப் பண்ணிட்டேன், அத்த கேக்கல. "அண்ணா, அந்த ஆளு மாத்திரைக்கும் விபூதி அடிச்சிட்டான், நாக்குல கரிக்குது. ஆனா நான் ஒரு வேள கூட விடலண்ணா. டாக்டரு நடுவுல நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னாரு. நீ கவலப்படாத"ன்றா. அவளுக்கு தெரிஞ்சிகீது. தெரிஞ்சே அம்மா சொல்றத கேட்டுகீறா.

அந்த கடைசிய அழிச்சிடலாம்னு ரெக்கார்டு பட்டன் மேல வெரல வெச்சேன். முடியல. அதுவும் அவ கொரலுதான. கடையில குடுத்து வேற கேசட்டுல ஏத்தலாம்னா, ஊரு பேரு தெரியாதவன் கையில அவள குடுக்க மனசு வரல. அதனால அப்டியே அனுப்பறேன்.

மச்சான், இத்த கேட்டு முடிச்சதும் எங்கூட்டுக்கு போ. எங்கம்மா கையிலேர்ந்து கடப்பாறைய வாங்கி, அந்த பள்ளத்த நீயே மூடு. அத்த குந்த வெச்சி, தண்ணி குடிக்க குடு. அப்புறம் அமலு கேசட்ட போடு. பூசாரி கத வரட்டும், ஒன் கத வரட்டும். ஹாரன் ஊதுவா. சிரிப்பா. சிரிச்சி முடிக்கிறப்போ ஆஃப் பண்ணிடு. அதுக்கு மேல எங்கம்மா கேக்க வேணாம்.